பன்னிரண்டு மீட்டர்

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் போன வாரம் போனில் அனுப்பி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தாய். பிழை ஒன்றும் இல்லை. என் பெயருக்குக் கீழே 'ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியை, இயற்பியல்' என்று போட்டிருந்தாய். அந்த வரியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 'சரியாக இருக்கிறது' என்று உனக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். அதற்குப் பிறகு நான் செய்ததை உனக்குச் சொல்ல வேண்டும். போனில் சொல்ல முடியாது. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே நீ "அப்புறம் பேசுறேம்மா" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். ஆறு வருடமாக நாம் இருவரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் கடைசிவரை படி.

நீ பிளஸ் ஒன் படித்தபோது இரு பரிமாண மோதல் உனக்குப் புரியவில்லை என்று புத்தகத்தை மூடி வைத்தாய். உன் அப்பா அப்போது இருந்தார். அவர்தான் கேரம் போர்டை எடுத்துத் தரையில் போட்டார். நான் ஒரு காயை நடுவில் வைத்து, இன்னொரு காயைச் சுண்டி அதன் ஓரத்தில் மோதவிட்டேன். பவுடரில் இரண்டு கோடுகள் விழுந்தன. ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். ஒரு காய் இடப்பக்கம் எவ்வளவு உந்தத்தை எடுத்துக்கொண்டு போகிறதோ அதே அளவை மற்றது வலப்பக்கம் எடுத்துக்கொண்டு போகும், ஏனென்றால் மோதுவதற்கு முன் பக்கவாட்டில் உந்தம் என்று ஒன்றுமே இல்லை என்று சொன்னேன். முன்னோக்கி வந்த உந்தம் தனி, பக்கவாட்டு உந்தம் தனி. இரண்டையும் குழப்பாமல் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தால் போதும், மோதலுக்கு முன்னும் பின்னும் அவை மாறுவதில்லை. நீ போர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப, அடிச்ச ஆளு யாருன்னே தெரியாட்டியும், கோட்ட வச்சே எப்படி அடிச்சாகன்னு சொல்லிரலாமா?" என்று கேட்டாய். "எடை தெரிஞ்சா சொல்லிரலாம்" என்றேன். உன் அப்பா சிரித்தார். அதற்கடுத்த வருடம் அவர் போய்விட்டார். அப்பா இல்லாத பிள்ளை என்று உனக்கு எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தேன். இருபத்திரண்டு வயதில் கார் சாவியைக் கொடுத்ததும் அப்படித்தான்.

விபத்து நடந்த சாயங்காலம் நீ தேனியிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தாய். யாரோ உன் போனிலிருந்தே எனக்குப் பேசினார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உனக்குக் காறை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். "நாப்பத்தஞ்சுலதாம்மா வந்தேன். அந்தக் குட்டியானை சைடு ரோட்டுலருந்து சடார்னு ஏறிருச்சு" என்றாய். குட்டியானையில், அந்தச் சின்னச் சரக்கு வண்டியில், சுருளிப்பட்டி ஆரோக்கியமும் அவர் மனைவி லூர்து மேரியும் இருந்தார்கள். தோட்டத்துத் திராட்சையை ஏற்றிக்கொண்டு கம்பத்துக்குப் போக, மேற்கிலிருந்து வரும் சின்ன ரோட்டிலிருந்து மெயின் ரோட்டைக் கடந்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்த உன் கார் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த இடது பக்கத்தில் மோதியது. அவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். ஆரோக்கியத்தை நான் அன்று பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டையெல்லாம் திராட்சைச் சாறும் ரத்தமுமாக உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் போகவில்லை. உன்னிடம்தான் ஓடினேன்.

மறுநாள் காலையில் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். உன்னைக் காப்பாற்றத்தான் போனேன் என்பதை நீ நம்ப வேண்டும். நீ சொன்னது உண்மை என்று கணக்குப் போட்டுக் காட்டிவிடலாம், போலீஸ் உன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன். வண்டிகளை அப்புறப்படுத்தியிருந்தார்கள், ஆனால் தடம் அப்படியே இருந்தது. மோதிய இடத்தில் தாரைக் கீறியிருந்தது, கண்ணாடித் தூள் கிடந்தது. உன் காரின் மூக்கு வண்டியின் பக்கவாட்டில் புதைந்து, இரண்டும் ஒன்றாகவே இழுத்துக்கொண்டு போய் நின்ற இடம் நசுங்கிய திராட்சையால் கறுப்பாக இருந்தது. ஈ மொய்த்தது. அளந்தேன். பன்னிரண்டு மீட்டர். ரோட்டின் போக்கிலிருந்து கிழக்கே எவ்வளவு விலகியிருக்கிறது என்றும் அளந்தேன். மூன்று மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கணக்குப் போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நீ மெதுவாக வந்து, அவர் வேகமாக ஏறியிருந்தால், இரண்டு வண்டியும் கிழக்கே கோணலாகத் தள்ளப்பட்டு ரோட்டோர வாய்க்காலுக்குள் விழுந்திருக்க வேண்டும். அவை வாய்க்கால் பக்கமே போகவில்லை. நீ வந்த பாதையிலேயே ஏறக்குறைய நேராகத் தெற்கே போயிருந்தன.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போட்டேன். உன் காரும் நீயும் சேர்ந்து ஆயிரத்து இருநூறு கிலோ. அவர் வண்டி, முப்பத்தைந்து பெட்டித் திராட்சை, இரண்டு ஆட்கள் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து அறுநூறு. மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூறு. காய்ந்த தார் ரோட்டுக்கு உராய்வுக் குணகம் பூஜ்யம் புள்ளி ஆறு என்று வைத்தால், பன்னிரண்டு மீட்டர் தேய்த்துக்கொண்டு போய் நிற்க, மோதி முடிந்த நொடியில் நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் வேகம் இருந்திருக்க வேண்டும். எடையால் பெருக்கினால் மொத்த உந்தம். அதைத் தெற்கே ஒரு பங்கு, கிழக்கே ஒரு பங்கு என்று பிரித்தேன். நீ கிழக்கே போகவில்லை, அவர் தெற்கே போகவில்லை. ஆகவே தெற்கே போன உந்தம் முழுவதும் நீ கொண்டு வந்தது, கிழக்கே போனது முழுவதும் அவர் கொண்டு வந்தது. கேரம் போர்டில் சொன்ன அதே விஷயம்தான். கிழக்குப் பங்கை அவருடைய ஆயிரத்து அறுநூறால் வகுத்தேன். மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வந்தது. தெற்குப் பங்கை உன்னுடைய ஆயிரத்து இருநூறால் வகுத்தேன். தொண்ணூற்றெட்டு வந்தது. தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடியும் போட்டேன். ரோட்டில் மண் இருந்திருக்கும் என்று உராய்வைக் குறைத்துப் போட்டேன். எண்பத்தொன்பது வந்தது. பெட்டிகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். உன்னுடைய நாற்பத்தைந்து எங்கும் வரவில்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு, விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கைச் சந்தேகப்படு என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று நான் கணக்கைச் சந்தேகப்பட்டுப் பார்த்தேன், ரோட்டைச் சந்தேகப்பட்டுப் பார்த்தேன், டேப்பைக்கூடச் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் சந்தேகப்பட முடியவில்லை. அப்புறம் அதையும் செய்தேன்.

அன்று மாலை நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாய். மேஜை மேல் டேப் கிடந்தது. அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "எங்கம்மா போயிருந்த?" என்று கேட்கவில்லை. தோள் வலிக்கிறது என்று அறைக்குள் போய்விட்டாய். கணக்குப் போட்ட தாள் அப்போது என் மடியில் இருந்தது. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வந்த எஸ்.ஐ. நல்ல மனிதர். காப்பி குடித்துக்கொண்டே, "டீச்சர், நீங்க பிசிக்ஸ் எடுக்கிறவுக. இந்த மாதிரி எது எங்க போயி விழுந்துச்சுன்னு வச்சு ஏதாவது சொல்ல முடியுமா? ஆரோக்கியம் நின்னு பாத்துத்தேன் ஏறுனேங்கிறான். உங்க பையன் இல்லங்கிறாக. சாட்சின்னு யாரும் இல்ல" என்றார். கேட்கவே கேட்டார், தம்பி. பதிலும் என் பீரோவில் இருந்தது. நான் சொன்னேன்: "அதெல்லாம் பரீட்சைக் கணக்குக்குத்தான் சார் சரியா வரும். சைடு ரோட்டுலருந்து ஏறுறவருதான பாத்து ஏறணும்." அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். நான் பொய்க் கையெழுத்துப் போடவில்லை, யாரையும் மிரட்டவில்லை. அந்த ஒரு பேச்சில் எல்லாம் முடிந்துவிட்டது. நீ பத்தாவதில் லேபில் லென்ஸை உடைத்தபோது நான் உடைத்ததாகச் சொன்னது நினைவிருக்கிறதா? அன்று நீ என்னை நிம்மதியாகப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. உனக்கு நான் செய்த முதல் கெடுதல் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆரோக்கியம் கோர்ட்டில் எதிர்த்துப் பேசவே இல்லை. கவனிக்காமல் ஏறியது என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். லைசென்ஸ் போனது. அதோடு ஸ்டீயரிங்கையே தொடவில்லை, இப்போது திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டும் வேலை என்று கேள்விப்பட்டேன். அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே, ஒருவேளை என் கணக்கில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ மூன்று மாதத்தில் சென்னைக்குப் போய்விட்டாய். பொங்கலுக்கு இரண்டு நாள் வருவாய். உனக்குப் பிடித்ததைச் சமைப்பேன், நீ சாப்பிடுவாய், இருவரும் டிவி பார்ப்போம். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றை இரண்டு பேரும் பேசாமல் இருந்தால், நாளாக நாளாக வேறு எதையும் பேச முடியாமல் போய்விடுகிறது. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணோடு அப்படி ஒரு குடித்தனம் நடத்தாதே. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, தெரியும். ஆனால் அப்படி வாழ்ந்து பார்த்தவள் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி வருடம், பிளஸ் ஒன்னில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் சேர்ந்தாள். வருகைப் பதிவேட்டில் அப்பா பெயரையும் ஊரையும் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அம்மா இறந்தபோது பத்து வயது இருந்திருக்கும். கணக்கில் கெட்டிக்காரி. மோதல் பாடம் வந்தபோது, புத்தகத்தில் உள்ளபடி, வேகங்களைக் கொடுத்து மோதிய பின் எந்தத் திசையில் போகும் என்று கண்டுபிடிக்கும் கணக்கைப் போட்டேன். அவள் எழுந்தாள். "டீச்சர், இதையே திருப்பிப் போட முடியுமா? மோதி ஒட்டிக்கிட்டு எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போச்சுன்னு தெரிஞ்சா, முன்னாடி எது என்ன வேகத்துல வந்துச்சுன்னு?" வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. "அதுக்கு நெறைய விவரம் வேணும். பரீட்சைக்கு வராது. உக்காரு" என்றேன். மணி அடித்த பிறகு மேஜைக்கு வந்து நின்றாள். "எங்கப்பா ஒருநாள் நின்னு பாத்துத்தேன் ஏறுனேம்பாரு. மறுநாளே இல்ல, நாந்தேன் ஒங்கம்மாவக் கொன்னேம்பாரு. எது நெசம்னு தெரிஞ்சா தேவல டீச்சர்." நான் அவளிடம், "அதையெல்லாம் நெனைக்காம படிப்பப் பாரு" என்றேன். "சரிங்க டீச்சர்" என்று போய்விட்டாள். ஒரு ஆசிரியை சொல்லக்கூடிய பொய்களில் அதைவிட மோசமான ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அப்போதும் நான் வீட்டுக்கு வந்து சோறு பொங்கிச் சாப்பிட்டேன், மறுநாள் அடுத்த பாடம் எடுத்தேன்.

உன் பத்திரிகையில் என் பெயரையும் இயற்பியலையும் சேர்த்துப் பார்த்த பிறகு அந்த வாரத்தை என்னால் கடத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி சுருளிப்பட்டிக்குப் போனேன். கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். ஆரோக்கியம் அவசரமாக எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க டீச்சரம்மா. என்ன, ஸ்டெல்லா ஏதும் சரியாப் படிக்கலயா?" நான் ஓய்வு பெற்றது தெரியாமல், மகளைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் உன்னுடைய அம்மா என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் அப்படித்தான் கேட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டேப், பன்னிரண்டு மீட்டர், தொண்ணூற்றெட்டு, பதினெட்டு, எஸ்.ஐ.யிடம் நான் சொன்னது எல்லாம். தாளை நீட்டினேன். ஸ்டெல்லா வாங்கி, ஜன்னல் பக்கம் போய், பென்சிலால் வரிவரியாகப் போட்டுப் பார்த்தாள். முடித்துவிட்டு, "கணக்கு சரிதான்ப்பா" என்றாள். பிறகு என்னிடம், "நான் வகுப்புல கேட்டப்ப இது உங்ககிட்ட இருந்துச்சா டீச்சர்?" என்றாள். "இருந்துச்சு" என்றேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆரோக்கியம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் மெதுவாத்தேன் வந்தேனா?" "ஆமா. நின்னு கெளம்புன வண்டிதான் அந்த எடத்துல அந்த வேகத்துல இருக்கும். நீங்க பாத்தப்ப ரோடு காலியாத்தான் இருந்திருக்கும். அவ்வளவு வேகமா வந்த காரு அப்ப வடக்க இருக்கிற வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கும்" என்றேன். அவர் மெல்லச் சொன்னார். "நான் பாக்கல டீச்சரம்மா. அந்தப் பக்கம் எனக்கு மறைக்கும். அவதேன் தலைய நீட்டிப் பாத்தா. வண்டி ஒண்ணும் வரல, போங்கன்னு சொன்னா. அதத்தேன் நான் யாருட்டயும் சொல்லல. சொன்னா, இவ சரியாப் பாக்காமச் சொல்லித்தேன் செத்தான்னு ஊரு சொல்லும். செத்தவ மேல எதுக்குப் பழின்னுதேன் நாந்தேன் பாக்கலன்னு ஒத்துக்கிட்டேன். ஆனா மனசுக்குள்ள அவ மேல ஒரு கோவம் இருந்துச்சு. ஆறு வருசமா இருந்துச்சு. இன்னக்கித்தேன் தெரியுது, அவ சரியாத்தேன் பாத்துருக்கா." அவர் அழுதார். ஸ்டெல்லாவுக்கும் அது அன்றுதான் தெரிந்தது. அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நானும் ஒருவரைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன், அவரும் ஒருவரைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தார். அவர் பழியைத் தன்மேல் எடுத்துக்கொண்டார். நான் அதை அவர்மேல் போட்டேன். எங்கே வேண்டுமானாலும் வந்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை ஒரு வக்கீலைப் பார்த்தேன். இவ்வளவு நாள் கழித்து வழக்கு நகர்வது கஷ்டம், ஆனால் நீங்கள் வாக்குமூலமாக எழுதிக் கொடுக்கலாம், கொடுத்தால் உங்கள் மகனை விசாரிக்கக் கூப்பிடலாம் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன், தம்பி. அதை உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக்கூடாது. கல்யாணத்தைப் பெண்வீட்டார் தள்ளி வைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். நீ என்னோடு பேசாமலே போகலாம். அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். யோசித்தால் பயமாகத்தான் இருக்கிறது. வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன், உன்னைவிட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சுருளிப்பட்டியிலிருந்து கிளம்பும்போது ஆரோக்கியம் வாசல்வரை வந்தார். "ஒண்ணு கேக்கணும் டீச்சரம்மா. மோதுறதுக்கு முன்னாடி பிரேக் அடிச்ச தடம் இருந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். மோதிய இடத்துக்கு வடக்கே ரோடு சுத்தமாக இருந்தது. அவர் மறுபடியும் கேட்டார். "அப்ப அந்தத் தம்பி எங்களப் பாக்கவே இல்லையா? இல்ல பாத்தும் நிறுத்த முடியாமப் போச்சா? அவ அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாளே, கடைசியா அந்தத் தம்பி மொகத்தத்தேன் பாத்துருப்பா. அவுக இவளப் பாத்தாகளான்னு தெரிஞ்சா போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

என்னிடம் அதற்குக் கணக்கு இல்லை. ஆறு வருடத்தில் நான் உன்னிடம் அதைக் கேட்டதும் இல்லை. சுருளிப்பட்டியில், அவர்கள் போகும் கோயிலைத் தாண்டி இடது பக்கம் மூன்றாவது வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுவதும் இருப்பார். நீ வந்து சொல்ல வேண்டும். எனக்கு எழுதாதே, போனும் செய்யாதே. அவரிடம் சொல்.

அம்மா